வெறும் மணல்

நெல்லியடிச் சந்தையில் மீன்கடகத்தை இறக்கிவைத்த மகாதேவி, கொலின்சின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. எங்கடை கரை முழுக்கக் கண்ணிவெடி தாட்டிருக்கினம். பிள்ளையளை உந்தப் பக்கம் விட்டிடாதை."

கொலின்ஸ் இராணுவ முகாமுக்குப் பேக்கரிப் பாண் கொடுப்பவன். அவன் காதில் விழுந்தது பாணுக்கு முன்னமே ஆமியிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்பது ஊரின் முடிவு. அதனால் யாரும் அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

அதனால்தான் அவள் அவனைத் தேடி வந்தாள்.

கரையில் ஒரு வெடியும் இல்லை. வெறும் மணல்.

பக்கத்து ஊருக்குள் ஆமி கடற்கரையால்தான் இறங்கியது. வள்ளங்களையும் வலைகளையும் கொளுத்திவிட்டு, ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்தது இவர்கள் ஊர். மறித்துச் சுட ஒரு துவக்குக்கூட இல்லை. மகாதேவியின் வாய்தான் இருந்தது.

மறுநாள் காலை, பனங்கூடலுக்கு அப்பால் ட்ரக்குகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஊர் கதவுகளைச் சாத்திக்கொண்டு கிடந்தது.

வெகுநேரம் கழித்து, அதே சத்தம் வந்த வழியே தேய்ந்து போனது.

ஆமியையே வாயால் திருப்பி அனுப்பியவள் என்று ஊர் அவளைக் கொண்டாடியது. அவளும் நிமிர்ந்துதான் நடந்தாள். கொலின்ஸ் கண்ணை உருட்டிக்கொண்டு கேட்ட விதத்தை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

நாலைந்து நாள் கழித்து அவன் அவள் படலையடியில் வந்து நின்றான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கை கட்டுப்போட்டுத் தொங்கியது.

அவள் படலைக்கு ஓடி வந்தாள். "பொய்யெண்டு கண்டுபிடிச்சிட்டாங்களோ?"

"இல்லை அக்கா. என்னைக் கரைக்குக் கொண்டுபோய், முன்னுக்கு நடந்து காட்டடா எண்டாங்கள். மாட்டனெண்டு காலிலை விழுந்து குழறினன். எவ்வளவு அடிச்சும் மணலிலை கால் வைக்கேல்லை."

பாவம், அப்படியே நம்பிவிட்டான். அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள்.

அவன் விடவில்லை.

"ஒண்டும் இல்லையெண்டு தெரியும் அக்கா. முதல்நாளும் உங்கடை ஆக்கள் அதிலை வலை காயப்போட்டதைப் பாத்தனான். நான் நடந்திருந்தால் அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

மகாதேவி படலையை அகலத் திறந்தாள். ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, "உள்ளுக்கு வாங்கோ தம்பி" என்றாள்.