பேய்ப் படத்துக்கு வந்த மாமியார்

திரையில் ஒருவன் இன்னொருவனைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். ஒரே அடியில் முடித்தாலும் பரவாயில்லை. அவசரமே இல்லாமல், சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி அடித்தான்.

"ஐயோ கடவுளே!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள் அம்மா.

தியேட்டரே அலறியது. முன் வரிசைப் பெண் கையிலிருந்த பாப்கார்னைத் தலைக்கு மேல் வீசினாள். பின்னாலிருந்த கல்லூரிக் கும்பல் விசிலடித்தது. ஓர் ஆள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

படம் வேறு அந்தக் காலத்தில் எடுத்தது போலக் கோடும் புள்ளியுமாக ஓடியது. இப்போது அப்படி எடுப்பதுதான் நாகரிகமாம். முதல் பாகத்தில் செத்தவர்கள் போதாதென்று இது இரண்டாம் பாகம்.

அம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. டைட்டில் போடும்போதே கழுத்து சாய்ந்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். நைட் டூட்டி முடிந்து நேராக இங்கேதான் வந்திருந்தாள்.

மகளின் பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னது பொய்யில்லை.

"பாவம் உங்க பொண்ணு. ராத்திரியெல்லாம் கண் முழிச்சுட்டு வந்தா நாமெல்லாம் கட்டையைச் சாய்ப்போம். உங்க மாப்பிள்ளை அவளைப் பேய்ப் படத்துக்கு இழுத்துட்டுப் போறாரு. அதுவும் ஒரே படத்துக்குத் திரும்பத் திரும்ப!"

அதைக் கேட்டதும் அம்மா பஸ் ஏறிவிட்டாள். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளை எவ்வளவோ தடுத்துப் பார்த்தான்.

"அத்தை, இந்தப் படம் உங்களுக்கு வேண்டாம். நீங்க வீட்டுல இருங்க."

"என் பொண்ணுக்கு மட்டும் வேணுமாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே ஆட்டோவில் முதல் ஆளாக ஏறியவள் அம்மாதான்.

இப்போது அவனைக் கோபத்தோடு பார்த்தாள்.

"மாப்பிள்ளை, அவ தூங்கறா. எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

"இன்னும் கொஞ்ச நேரம், அத்தை. இனிமேதான் பெரிய சண்டையெல்லாம் வருது."

இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று அம்மாவுக்கு மனசு எரிந்தது.

பெரிய சண்டையும் வந்தது. ரம்பம் உறுமியது. கதவு உடைந்தது. கூட்டம் காது கிழியக் கத்தியது. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. பெற்ற பிள்ளையாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று, மெல்லச் சாய்ந்து, மகளின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்தினாள்.

மகள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள்.

"யாருக்கு? எந்த பெட்?"

பின்னாலிருந்து யாரோ "உட்காருங்கக்கா!" என்றார்கள். மாப்பிள்ளை பதறிப்போய் அம்மாவின் கைகளை விலக்கினான்.

"ஒண்ணுமில்லம்மா, படம்தான். கேளு, எல்லாரும் கத்தறாங்க பாரு."

மகள் ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டாள். "ஆமால்ல..." என்றவள், அப்படியே அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன மாப்பிள்ளை இது? காதைப் பொத்தினா முழிச்சுக்கறா?"

"வீட்டுல அமைதியா இருந்தா அவளுக்குத் தூக்கமே வர்றதில்லை, அத்தை. யாருக்கோ மூச்சு நின்னுடுச்சுன்னு எழுந்து உட்கார்ந்துடறா. என் மூக்குல விரலை வச்சுப் பார்க்கறா. ஒரு கரண்டி விழுந்தாலும் யாரோ கூப்பிடறாங்கன்னு ஓடறா. ஒரு நாள் சும்மா இங்கே கூட்டிட்டு வந்தேன். அன்னிக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சுத் தூங்கினா. இங்கே எத்தனை பேர் அலறினாலும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு அவளுக்குத் தெரியுது."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் இந்தப் படம்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. அம்மா தாங்க மாட்டாங்கன்னு."

அம்மா அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். பேசும்போதும் கண்ணை இறுக்க மூடியிருந்தான்.

"நீங்க படம் பார்க்கலையா?"

"எனக்கு ரத்தம்னாலே ஆகாது, அத்தை. ஊசி போட்டாலே மயக்கம் வரும்."

என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அம்மா கூனிக் குறுகிப்போனாள்.

திரையில் சண்டை ஓய்ந்தது. கதாநாயகி ஒரு பாழடைந்த வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தாள். இசை இல்லை, பேச்சில்லை. அடுத்து என்ன வருமோ என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. விசில் கும்பல்கூட வாயைத் திறக்கவில்லை.

மகளின் புருவம் சுருங்கியது. விரல்கள் அசைந்தன. இமை லேசாகப் பிரிந்தது.

"ஐயையோ! அம்மா!"

அம்மாவின் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். அதைக் கேட்டுப் பயந்து மொத்தத் தியேட்டரும் சேர்ந்து கத்தியது. மகளின் புருவம் மெல்லத் தளர்ந்தது.

முன் வரிசைப் பெண் நெஞ்சில் கை வைத்தபடி திரும்பினாள்.

"இன்னும் ஒண்ணுமே வரலையே, ஆன்ட்டி! அதுக்குள்ள அவ்வளவு பயமா?"

"ஆமாம்மா, ரொம்ப பயமா இருக்கு" என்ற அம்மா, மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, அடுத்த அலறலுக்கு மூச்சை இழுத்துக்கொண்டாள்.