தாதர் வந்தால் நிறுத்தணும்

யுத்தம் முடிந்த வருஷம், தாராவித் தோல்பட்டறை இனாயத்துல்லாவிடம் மாட்டுங்கா விசாலாக்ஷி மாமி கைக்கு மாட்டும் வார் இரண்டு கேட்டாள். உள்ளே பஞ்சு வேண்டும், ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். மாதிரி வாரைத் தன் கையிலேயே கட்டி, விரல் மரத்துப்போகிறதா என்று கால்மணி நேரம் பார்த்தாள்.

"யாரைக் கெட்டுறதுக்கும்மா?"

"ஆத்துக்காரரை."

இனாயத்துல்லா வாசலை எட்டிப் பார்த்தான். ஏதாவது ஆனால் போலீஸ் முதலில் வார் தைத்தவனைத்தானே பிடிக்கும்?

மறுநாள் வாரை வாங்க ஆத்துக்காரரே வந்தார். நாற்பது குமாஸ்தாக்கள் தும்மக்கூட அனுமதி கேட்கும் ஹெட்கிளார்க் பஞ்சாபகேசன்.

"ஐயரே, ஓடிப்போயிருங்க! உங்களத்தான் கெட்டப் போறாவ!"

"நானே கெஞ்சிக் கேட்டுண்டதுதான், பாய்! நான் 'தாதர்'னு ஸ்டேஷன் பேரைச் சொன்னா அந்த நிமிஷமே அவிழ்க்கணும்னு அவ ஆறு மாசமா ஒத்திகை பார்க்கறா." பெருமூச்சு விட்டார். "இன்னும் வண்டியே கிளம்பலை!"