கரண்டி எந்தக் கையில்?

"கரண்டியை அம்மா எந்தக் கையால தூக்குவா? மறுபடி மறந்துடுச்சு தீதி," என்றாள் மெய்லிங், ஒப்பனை அறைக் கண்ணாடியைப் பார்த்தபடி.

"இடது கை." அவளைவிட வயதில் மூத்த போர்னாலி தாள்களிலிருந்து தலை நிமிரவில்லை. "அதுக்கு முன்னாடி ஒரு தடவை உதட்டை மடிப்பா. அவசரப்படாதே."

மெய்லிங் உதட்டை மடித்து, இல்லாத கரண்டியை இடது கையால் ஓங்கினாள். வங்காளி அப்பாவுக்கும் சீன அம்மாவுக்கும் பிறந்த பெண்ணின் மேடை நகைச்சுவை என்ற எழுத்தோடு, சின்னக் கண்கள் சிரிக்க, அரங்க வாசலில் அவளுடைய ஆளுயரப் படம் நின்றது. அந்த அம்மாவைக் கிண்டல் செய்துதான் இரண்டு வருடமாக அவள் கல்கத்தாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் தட்டாமலே ரோனக் சாப்ரா உள்ளே வந்தார். மெய்லிங்கின் நகைச்சுவையை ஒரு மணி நேர நிகழ்ச்சியாகப் படம்பிடித்து நாடு முழுக்கக் காட்டப்போகும் மும்பை கம்பெனிக்காரர்.

"அம்மா வராங்கல்ல? அப்படி ஒரு அம்மாவே கிடையாது, கட்டுக்கதைன்னு இணையத்துல பாதிப் பேர் எழுதறான். கடைசியில அவங்க மேடையேறி மகளைக் கட்டிப்பிடிக்கணும். நடந்தா நிகழ்ச்சி உண்டு. இல்லேன்னா நான் அடுத்த விமானத்துல ஏறிடுவேன்."

"வரேன்னு சொல்லியிருக்காங்க," என்றாள் போர்னாலி.

"நீங்க யாரு?"

"எழுதறதுல உதவி பண்றேன்."

"அந்த அம்மா விஷயத்துல மட்டும் கை வைக்காதீங்க. ரசகுல்லா மாதிரி உருண்டையா வங்காளிக் கண்ணை வச்சுக்கிட்டு உங்களுக்கெல்லாம் அந்த வலி எங்க புரியப்போகுது?"

மெய்லிங் அவசரமாகச் சீப்பைத் தேடினாள். போர்னாலி சிரித்தாள். முகத்தை வைத்து மனிதர்களை எடைபோடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க அவள் எப்போதோ பழகியிருந்தாள்.

இந்த ஆளை அவள் வெறுத்தாள். இவர் தலையசைப்புக்காகக் காத்திருக்கும் தன்னை அதைவிட அதிகமாக வெறுத்தாள். ஆனால் அவர் தலையசைத்தால் அவளுடைய வரிகள் நாடு முழுக்கக் கேட்கும். அதற்காக எதையும் விழுங்கலாம் என்று தொடங்கியவள், இப்போது எதை விழுங்குகிறோம் என்று பார்ப்பதையே நிறுத்தியிருந்தாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதல் வரிசையில் பூப்போட்ட சட்டையும் ஒட்ட வெட்டிய நரைமுடியுமாக ஒரு சீனத்து அம்மாள், மடியில் டிபன் கேரியருடன் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா வீட்டுல என்னைச் சீனாக்காரின்னாங்க. அம்மா வீட்டுல கறுப்புப் பேய்னாங்க. கல்யாணத்தன்னிக்கு ரெண்டு வீடும் ஒரே ஒரு விஷயத்துலதான் ஒத்துப்போச்சு. பொறக்கப்போறது உருப்படாது!"

கூட்டம் மேசைகளைத் தட்டிச் சிரித்தது. வெளியே போனதும், தெருவில் எதிர்ப்படும் முதல் சின்னக் கண்ணைப் பார்த்து, சீன நூடுல்ஸின் பெயரால் 'சவுமின்' என்று கத்தப்போகும் அதே வாய்கள். இங்கே நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டதால் அதற்குப் பெயர் பரந்த மனசு.

திரைக்குப் பக்கத்தில் போர்னாலியின் உதடுகள் ஒவ்வொரு வரிக்கும் அரை மூச்சு முந்தி அசைந்தன.

"சண்டை வந்தா எங்கம்மா மன்னிப்பே கேக்க மாட்டா. மாசக்கணக்குல பேச மாட்டா. திடீர்னு ஒருநாள் வந்து 'சாப்பிட்டியா?'ன்னு கேப்பா. அவ்வளவுதான், சண்டை தீர்ந்துச்சு. ஆனா அதையும் பெத்ததுகிட்ட மட்டும்தான் கேப்பா. ஊர்ல மத்தவங்களுக்கெல்லாம் வெறும் ஹலோ!"

அரங்கம் அதிர்ந்தது. முதல் வரிசை அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அவங்க நிஜமாவே இருக்காங்க!" மெய்லிங் இரண்டு கைகளையும் விரித்தாள். "வாம்மா!"

விளக்கு முதல் வரிசைக்குத் திரும்பியது. சாப்ரா பாதி எழுந்து நின்றார். அம்மாள் கேரியரைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேடையேறினாள்.

போர்னாலியின் நகங்கள் தாளில் பதிந்தன. தொலைபேசியில் எவ்வளவோ கெஞ்சியபோது அந்தப் பக்கத்திலிருந்து 'வரேன்' என்ற ஒரு சொல்தான் வந்தது. எதற்கு வருகிறாள் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. கட்டிக்கோ, என்று மனதுக்குள் மன்றாடினாள். ஒரே ஒரு நிமிஷம், கட்டிக்கோ.

அம்மாள் மெய்லிங்கின் எதிரே நின்றாள். விரிந்திருந்த கைகளைப் பார்த்தாள். அந்த முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஹலோ," என்றாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இதுவும் எழுதி வைத்தது என்று நினைத்து சாப்ராவும் கைதட்டினார்.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அம்மாள் மெய்லிங்கைத் தாண்டி நடந்தாள். திரையை விலக்கி, ரசகுல்லாக் கண்களில் நீர் முட்ட நின்றுகொண்டிருந்த போர்னாலியின் முன்னால் போய் நின்றாள். ஒருமுறை உதட்டை மடித்தாள். இடது கையால் கேரியரின் மூடியைத் திறந்தாள்.

"சாப்பிட்டியாடி?"