பத்து நிமிஷத்தில் ஐம்பது காப்பி

“நெகட்டிவ் இல்லாம காப்பி எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்லை தம்பி. கொடுத்துட்டுப் போங்க, நாலு நாள் கழிச்சு வாங்க.”

மாஸ்டர் அந்தப் புகைப்படத்தைக் கவுண்டரின் ஓரமாகத் தள்ளி வைத்தார். எதிரே நின்ற வாலிபனை அவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூடியோவுக்குள் வந்ததும் வராததுமாக, “ஓடிப்போன பொண்ணு. ஐம்பது காப்பி வேணும். கீழே ‘காணவில்லை’ன்னு பெரிசா போடணும்” என்று அதட்டியிருந்தான்.

“நாலு நாளா? அதுக்குள்ள அவ கடலே தாண்டிடுவா.”

“உங்களுக்கு என்ன உறவு?”

“கட்டிக்கப் போறவன். கப்பல்ல வேலை. போட்டோவைப் பார்த்தே சரின்னு சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்து இறங்கினா பொண்ணைக் காணோம். லீவை நீட்டி, ஒன்றரை மாசமா ஊர் ஊரா அலையறேன்.”

“பிடிக்கலைன்னா விட்டுட வேண்டியதுதானே?”

“விடறதா? நாலு பேர் முன்னால என் மூக்கை அறுத்துட்டுப் போயிருக்கா. கையில கிடைக்கட்டும், காலை உடைச்சு மூலையில உட்கார வைக்கறேன். அவ அப்பாவே அதுக்குச் சரின்னுட்டார்.”

நாலு நாள் என்பது பொய்தான். அந்தப் படத்தை மறுபடி படமெடுத்து, ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட ஒரு நாள் போதும். ஆனால் நாலு நாள் கிடைத்தால் யார் பெற்ற பெண்ணோ இன்னும் கொஞ்ச தூரம் போய்விடுவாளே.

“எதுக்கு மாஸ்டர் நாலு நாள்?” மூலையிலிருந்து குரல் வந்தது. “ஸ்கேனர் எதுக்கு இருக்கு? பத்து நிமிஷத்துல கொடுத்துடலாம். கொண்டாங்க சார்.”

கம்ப்யூட்டர் பெண். கம்ப்யூட்டரும் அவளும் போன மாதம் ஒரே வாரத்தில்தான் கடைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து இருட்டறையின் சிவப்பு விளக்கு எரிவதே அபூர்வமாகிவிட்டது. வேலையில் கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம்.

“பிரிண்டர் ரிப்பேர்னு காலையில சொன்னியேம்மா?” மாஸ்டர் கண்ணைக் காட்டினார்.

“யார் சொன்னா? நல்லா ஓடுது.”

“மை தீர்ந்துபோச்சே.”

“நேத்துதானே புதுசு மாத்தினோம். உங்களுக்கு எல்லாமே மறந்துபோகுது மாஸ்டர்.”

வாலிபன் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தான். “என்ன பெரியவரே, அவளை உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுகிட்டே மறைச்சீங்கன்னா அப்புறம் நடக்கறதே வேற.”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மாஸ்டர்.

வாலிபன் கம்ப்யூட்டர் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். திரையில் அந்த முகம் பெரிதாக விரிந்தது. இருபது வருடம் நெகட்டிவில் பென்சில் முனை வைத்துப் பருக்களை மறைத்தவர் மாஸ்டர். அவர் எவ்வளவு வேலை செய்தாலும் ஒரு புள்ளி, ஒரு சின்னக் கோணல் எங்காவது மிஞ்சும். இந்த முகத்தில் எதுவுமே இல்லை. உரித்த முட்டை மாதிரி இருந்தது.

“கொஞ்சம் மங்கலா இருக்கு சார். வெளிச்சம் கூட்டட்டுமா? அப்பதான் சுவர்ல ஒட்டினா பளிச்சுனு தெரியும்.”

“கூட்டு.”

“கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருக்கு, எடுத்துடறேன். மூக்கு ஓரமும் சரியில்லை.” மவுஸ் விறுவிறுவென்று ஓடியது. “தாடையைக் கொஞ்சம் எடுப்பாக்கறேன். இப்பப் பாருங்க.”

வாலிபனின் கண் திரையை விட்டு நகரவில்லை. “அடேங்கப்பா. இவளை ஒரு தடவை பார்த்தா எவனும் மறக்க மாட்டான்.”

“மச்சம், தழும்புன்னு ஏதாவது அடையாளம் போடணுமா சார்?”

“அதெல்லாம் எனக்கெங்கே தெரியும்? அவ அப்பாவும் சித்தப்பாவும் மார்க்கெட் பக்கம் கடை கடையா விசாரிச்சுட்டு இருக்காங்க. அரை மணியில இந்தத் தெருவுக்கு வந்துடுவாங்க. வேணும்னா கேட்டுச் சொல்றேன்.”

“விடுங்க சார். முகமே போதும்.”

மாஸ்டர் செருமிப் பார்த்தார். மேஜைக்கடியில் அவள் காலை மிதிக்கப் பார்த்தார், எட்டவில்லை. கரண்ட் போனது போல ஆகட்டும் என்று அவர் கை மெல்ல சுவிட்சுப் பக்கம் நகர்ந்தது.

“அங்கே கை வைக்காதீங்க மாஸ்டர், பாதியில நின்னுடும்” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

ஒவ்வொரு தாளாக வந்து விழுந்தது. ஒவ்வொன்றும் விழும்போது மாஸ்டருக்கு நெஞ்சில் அடித்தது போலிருந்தது. ஐம்பதாவது தாள் விழுந்ததும் வாலிபன் கட்டை அள்ளி அக்குளில் இடுக்கிக்கொண்டான். “இனி தப்ப முடியாது” என்றபடி மார்க்கெட் பக்கம் வேகமாக நடந்தான்.

அவன் தலை மறைந்ததும் மாஸ்டர் வெடித்தார்.

“நீயும் ஒரு பொண்ணுதானே? பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து ஓடினவளை, அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்காத குறையா காட்டிக் கொடுத்துட்டியே. நாலு நாள் கிடைச்சிருந்தா அது எங்கேயாவது போய்ப் பொழைச்சிருக்கும். அது மாட்டினா அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது.”

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். மேஜைக்கடியிலிருந்து தன் பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நாலு நாள் கழிச்சு அவன் திரும்பவும் இங்கேதான் வந்து நின்னிருப்பான் மாஸ்டர். அப்பாவும் சித்தப்பாவும் இந்தத் தெருவுக்கு வர்றதுக்குள்ள நான் பஸ் ஏறணும்” என்றாள் அவள். “எங்க ஊர் ஸ்டூடியோ கம்ப்யூட்டர் என் முகத்தைப் பாதி மாத்தியிருந்துது. மீதியை நான் மாத்திட்டேன்.”