ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

காலைக் காட்சிக்கு இடைவேளை விட்டபோது கமலக்கண்ணன் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து முடித்திருந்தார்.

நாற்காலியை விட்டு இன்னும் எழவில்லை.

மடியில் கிடந்த போனில் அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் திருப்தியாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இவ்வளவு நடக்கிற பட்டுச் சேலை வியாபாரி ஆரணியில் வேறு யாரும் கிடையாது.

திரையில் நாயகன் நெஞ்சில் குண்டு வாங்கிச் சாய்ந்ததும் விளக்கைப் போட்டிருந்தார்கள். அரங்கில் இருந்த பதினோரு பேரில் ஒருவரும் கவலைப்படவில்லை. இரண்டாம் பாதியில் அவர் எழுந்து ஆடத்தான் போகிறார்.

கமலக்கண்ணனின் ஒரு கையில் முட்டை பப்ஸ், இன்னொரு கையில் சர்க்கரை தூக்கலாக டீ. இரண்டுமே டாக்டர் கூடாது என்று எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்தவை. அந்தப் பட்டியல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. வரிசையாகச் சாப்பிட்டு வருகிறார்.

சர்க்கரையும் கொழுப்பும் ஏறிய சேதி பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மதிவதனிக்கு எட்டியதும், சிம் போட்ட கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பினாள். நடக்கிற அடியையும் இதயத் துடிப்பையும் எண்ணி, இவர் போனுக்கும் அவள் போனுக்கும் அப்போதைக்கப்போது அனுப்பிவிடும். தினம் பத்தாயிரம் அடி என்பது மகளின் கட்டளை.

இரண்டு நாள் மொட்டை மாடியில் நடந்தார். மூன்றாம் நாள் மூளை வேலை செய்தது.

சேவூரில் துரைக்கண்ணு இவருக்காகத் தறி நெய்கிறான். நாடாவை ஓடவிடும் கயிற்றை வெடுக் வெடுக்கென்று இழுக்கிற அவன் வலது கை நாள் முழுக்க ஓயாது. கடிகாரத்தை அந்தக் கையில் கட்டிவிட்டால், அது ஒவ்வொரு இழுப்பையும் ஓர் அடியாக எண்ணிக்கொள்கிறது.

"வாட்ச் கட்டிகினு நெய்யறது கெத்தாத்தான் கீது முதலாளி," என்றான் துரைக்கண்ணு.

மூன்று மாதமாகக் கமலக்கண்ணன் இப்படித்தான் நடக்கிறார். மகள் கைதட்டும் பொம்மைகளாக அனுப்புகிறாள். அதை எடுத்து சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எதற்கும் மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று தினம் நாலு வரி எழுதுகிறார்.

போன வாரம்தான் ஒரு பேஜார். இதயம் சில நேரம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று கடிகாரம் சொல்ல, மகள் அழாத குறையாக அவரை டாக்டரிடம் விரட்டினாள். போனார். சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இசிஜி எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. கடிகாரம் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி, அந்தச் சந்தோஷத்தில் வருகிற வழியில் கால் கிலோ அல்வா வாங்கினார்.

மறுநாள் கடிகாரத்தைக் கட்டிவிடும்போது, கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது என்றான் துரைக்கண்ணு.

தினமும் கொஞ்சம் நடந்து பார், சரியாகிவிடும் என்றார் கமலக்கண்ணன். மனதாரத்தான் சொன்னார்.

பப்ஸின் கடைசித் துண்டை வாயில் போட்டபோது போன் அடித்தது. மதிவதனி.

"எங்க இருக்கப்பா? ஹார்ட் பீட் நூத்தி எண்பதுக்குப் போயி கன்னாபின்னான்னு காட்டுது. அப்படியே படுத்துக்கோ. வீட்டுக்கு ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்."

கமலக்கண்ணன் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வாட்ச்தான் மக்கர் பண்ணுது."

"நிஜமாவா? அப்ப ஆம்புலன்ஸ வேணாம்னு சொல்லிடவா?"

சொல்லிடு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உண்மை தெரிந்தால் மகள் முகத்தில் விழிக்க முடியாது. மூன்று மாதமாக எழுதிய மனக்கட்டுப்பாடெல்லாம் சந்தி சிரிக்கும்.

மணி அடித்து விளக்குகள் அணைந்தன. நாயகன் கண் விழித்தார். முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

கமலக்கண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து, இருட்டில் அந்த எண்ணைப் பார்த்தார்.

ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

இடைவேளை தொடங்கியதிலிருந்து ஓர் அடிகூட ஏறவில்லை. சாப்பாட்டு நேரம்வரை துரைக்கண்ணு தறியை விட்டு எழுகிற ஆள் இல்லை. குரல் கொடுத்தால் கேட்க அவன் வீட்டில் யாரும் இல்லை. அவன் மனைவி தங்கள் மகளின் பிரசவத்துக்காகக் கண்ணமங்கலம் போய் ஒரு வாரம் ஆகிறது.

போன வாரம் நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆள் மாற்றி ஒட்டவைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கு அல்வா வேறு.

டீ வேட்டியில் கொட்டியது.

"அப்பா, லைன்ல இருக்கியா? வேணாம்னு சொல்லிடவா?"

"இல்லம்மா, வரட்டும்," என்றார் கமலக்கண்ணன். எழுந்து, இருட்டில் வாசலைத் தேடி நடக்க ஆரம்பித்திருந்தார். "ஆனா நம்ம வீட்டுக்கு இல்ல. சேவூருக்கு."