அவுஸ்திரேலியாவுக்கு ஒரு பெனால்டி

ஆசியக் கால்பந்துத் தகுதிகாண் போட்டியில் ஆடிய இலங்கை இளம் மகளிர் அணிக்கு நிலாந்திதான் கோல் காப்பாளர். ஏழு கோல் வாங்கியாயிற்று. இப்போது அவுஸ்திரேலியாவுக்குப் பெனால்டி. முந்தைய பந்து நெஞ்சில் பட்ட வலியே இன்னும் ஆறவில்லை. அடுத்ததை நினைத்துப் பயந்தபடியே, உதைக்க வந்த நெடிய பெண்ணிடம் பந்தைக் கொடுத்தாள்.

அவள் அதை நெற்றியில் ஒற்றிக் கண்ணை மூடினாள். "நயினாதீவுத் தாயே, கைவிட்டிடாதை."

நிலாந்தி திகைத்துப் போனாள். "நீர் தமிழோ?"

"ஓம், அம்மா நயினாதீவு. எனக்குச் சரியான பயமாக் கிடக்கு, அக்கா. இதுதான் முதல் மட்ச்."

தன்னைவிடப் பயந்தவளைக் கண்டதும் நிலாந்தியின் பயம் போன இடம் தெரியவில்லை. விசில் ஒலித்தது. இடப்பக்கம் சீறி வந்த பந்தைப் பாய்ந்து அணைத்துக்கொண்டாள்.

தலைகுனிந்து நின்றவளின் தோளைத் தொட்டாள்.

"குறை நினையாதையும், தங்கச்சி. என்ர வீடு அந்த நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் பக்கத்திலை."