தேவசேனா பேசுகிறேன்

2041 மார்ச் 4, ஈரோடு. தேவசேனா நைட்டி நிறுவனம், வெளி நிறுவனம் ஒன்றிடம் இரண்டு ஆண்டுகளாகக் கொடுத்திருந்த விளம்பர வேலையை மாத இறுதியிலிருந்து தானே பார்த்துக்கொள்ள முடிவு செய்தது.

அதுவரை அந்த வெளி நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு இயந்திரம், உரிமையாளர் தேவசேனாவின் குரலிலேயே வாடிக்கையாளர்களை அழைத்துப் பேசிவந்தது. விற்பனை மும்மடங்கானது.

"நம்ம வாயாலயே பேசுனா யாவாரம் இன்னும் ஓடுமுங்க அண்ணி," என்றார் தம்பி மனைவி கலாமணி.

ஒத்திகையாக, திண்டுக்கல்லில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் மரியபுஷ்பத்தைத் தேவசேனாவே அழைத்தார்.

"அக்கா, நான் தேவசேனா பேசறனுங்க. புது டிசைன் வந்திருக்குதுங்க."

"யாருடி நீ? தேவசேனா எடுத்த எடுப்புல யாவாரம் பேச மாட்டா. எம் மக எப்படி இருக்கான்னுதான் முதல்ல கேப்பா."

"மக எப்படி இருக்குதுங்க?"

"போன வாரம் அவளை நெனச்சு எதுக்கு உங்கிட்ட அழுதேன்? சொல்லு பாப்போம்."

"எதுக்குங்க அக்கா?" என்றார் தேவசேனா. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"எதுக்கு அழுதிருப்பாங்க?" என்று கலாமணியிடம் கேட்டார் தேவசேனா.

"அந்தத் தேவசேனாவைத்தான் கேக்கோணுமுங்க," என்றார் கலாமணி.

சற்று நேரத்தில் வாடிக்கையாளர் அனைவருக்கும் இயந்திரத்திடமிருந்து, தேவசேனாவின் குரலில் ஒரு செய்தி போனது. கலாமணியின் போனுக்கும் வந்தது. "கண்ணுகளா, எம் பேரைச் சொல்லி யாரோ கூப்புடறாங்க. ஏமாந்துராதீங்க."

"என்னைவிட நல்லாப் பேசறாளே," என்றார் தேவசேனா.

மாலைக்குள் பெரும்பாலானோர் அவர் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். வெளி நிறுவனத்துடனான ஒப்பந்தம் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. கையெழுத்திட்டபின், மரியபுஷ்பம் எதற்காக அழுதார் என்று தேவசேனா அந்த இயந்திரத்திடம் விசாரித்தார். வாடிக்கையாளர்களின் சொந்த விஷயங்களை வெளியாருக்குச் சொல்வதில்லை என்று பதில் வந்தது.